3 ஸ்டார் ஏசி வாங்கலாமா, 5 ஸ்டார் ஏசி வாங்கலாமா? 500 யூனிட் எல்லையைப் பாருங்கள்

இன்வெர்ட்டர், செம்புக் காயில், ஆர்-32 கேஸ் எல்லாம் இன்று இரண்டிலும் இருக்கின்றன. மிச்சம் இருப்பது ஸ்டிக்கர்தான். அதிலும் நட்சத்திரத்தை எண்ணாமல், ஐசீர் எண்ணையும் (செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி என்ற அளவு) ஆண்டு யூனிட்டையும் படியுங்கள். 2022 ஜூலைக்கு முன் ஸ்பிளிட் ஏசிக்கு ஐசீர் 4.5 இருந்தாலே 5 ஸ்டார், அதன்பின் 5.0 கேட்டார்கள். பழைய ஸ்டாக்கில் 4.6 உள்ள '5 ஸ்டார்' 2022 அட்டவணையில் 4 ஸ்டார்தான். ஸ்டிக்கரில் எந்தக் காலத்துக்கான லேபிள் என்று அச்சிட்டிருக்கும்.

ஆண்டு யூனிட் என்பது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. இரவுக்கு 8 மணி நேரம் என்றால் 200 இரவு. 2022 அட்டவணைப்படி ஐசீர் 3.9 உள்ள 3 ஸ்டாரில் 960 யூனிட் போட்டிருந்தால், அதே குளிர்ச்சியை 5.0 உள்ள 5 ஸ்டார் சுமார் 750 யூனிட்டில் தரும். ஒப்பிடும்போது இரண்டின் குளிர்விக்கும் வாட் திறனும் ஒன்றா என்று பாருங்கள். 1.5 டன் என்றால் சுமார் 5,275 வாட். 4,800 வாட் மெஷினையும் 1.5 டன் என்றே விற்கிறார்கள். அதில் யூனிட் குறைவாகத் தெரிவது இயல்புதானே!

என் ஓட்டு 5 ஸ்டாருக்கே. காரணம் நம்ம ஈபி பில். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடும். 500-க்கு மேல் ஓடும் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். மற்றச் சாமான்களுக்கு 260 யூனிட் ஆகும் வீடு என்று வைப்போம். 60 இரவு, 8 மணி நேரம்: 3 ஸ்டாருக்கு 288 யூனிட், மொத்தம் 548. 5 ஸ்டாருக்கு 225, மொத்தம் 485. வித்தியாசம் 63 யூனிட்தான். 2024 ஜூலைக் கட்டணப்படி பில்லில் 700 ரூபாய்க்கு மேல் இடிக்கும். சித்திரை வெயிலில் நிஜ யூனிட் லேபிள் சராசரியைவிட ஏறும், ஆகவே 485-ஐக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். உங்கள் பழைய ஏப்ரல்-மே பில்லை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

ஏசி இல்லாமலே 600 யூனிட் ஓடுகிற வீட்டில் இந்த 500 யூனிட் எல்லை லாபம் கிடையாது. ஆனால் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய படியில் இருக்கிறது. வருஷத்துக்கு 210 யூனிட் (960-க்கும் 750-க்கும் உள்ள வித்தியாசம்), 1,700 ரூபாய்க்குக் குறையாது. கடையில் 8,000 ரூபாய் அதிகம் கேட்டால் ஐந்து வருஷத்துக்குள் வந்துவிடும்.

3 ஸ்டார் போதும் என்றால் இவர்களுக்குத்தான்: விருந்தினர் அறை, மலையோர ஊர், கோடையில் இரண்டு மாதம் மட்டும் போடுபவர்கள், இரண்டு வருஷத்தில் வாடகை வீடு மாறுபவர்கள். கழற்றி மாட்டும் செலவும் கேஸ் நிரப்பும் செலவும் சேமிப்பைத் தின்றுவிடும்.

மாட்டும்போது வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றை இழுக்கச் சொல்லுங்கள். கேஸை விட்டுக் காற்றைத் தள்ளினால் ஈரப்பதம் குழாயிலேயே தங்கும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் காற்றோட்டம் அடைபடும், கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். அப்புறம் எந்த ஸ்டிக்கரும் உங்கள் பில்லோடு ஒத்துப்போகாது.