நாவலைப் படித்துக் குறை சொல்ல: ஒரே சாட்டா, நான்கு ஏஜென்ட்களா?

34 அத்தியாயங்கள் கொண்ட என் நாவலின் மூன்றாவது வரைவை ஏஐயிடம் இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தேன். முதலில் மொத்தப் பிரதியையும் ஒரே சாட்டில் ஏற்றி, எடிட்டராக இருந்து குறைகளைச் சொல்லும்படி கேட்டேன். அப்புறம் வேலையைப் பிரித்து நான்கு ஏஜென்ட்களை (தனக்கென்று தந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் ஏஐ) அமைத்தேன்: கதைத்தொடர்ச்சிக்கு ஒன்று, பாத்திரங்களுக்கு ஒன்று, நடைக்கு ஒன்று, இவை மூன்றும் சொல்வதைச் சரிபார்க்க ஒன்று. அடுத்த நாவலுக்கும் இரண்டாவது வழிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரே சாட்டில் வேலை சுலபம், பதில் சில நிமிடத்தில் வந்துவிடும். 2023இல் வந்தபோது ஓபன்ஏஐயின் ஜிபிடி-4இன் வழக்கமான வடிவம் 8,192 டோக்கன் (ஏஐ உரையை உடைத்துப் படிக்கும் சொல்துண்டு) வரைதான் வாங்கும். முழு நாவலை ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட கூகுளின் ஜெமினி 1.5 ப்ரோ பத்து லட்சம் டோக்கன் வரை போனது. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிடப் பொடிப்பொடியாக உடைவதால் டோக்கன் கூடுதலாகச் செலவாகும், இருந்தாலும் நாவல் உள்ளே போய்விடுகிறது. உள்ளே போவது வேறு, ஊன்றிப் படிப்பது வேறு. நீண்ட உரையின் தொடக்கத்தையும் முடிவையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் ஏஐ மாதிரிகள் (மாடல்கள்) நடுவில் உள்ளதைத் தவறவிடுகின்றன என்று 2023இலேயே ஓர் ஆய்வு காட்டியது. மாதிரிகள் அதன்பின் எவ்வளவோ முன்னேறிவிட்டன. என் பிரதியிலோ அதே கதைதான் நடந்தது. முதல் ஐந்தாறு அத்தியாயங்களைப் பற்றியும் கடைசி அத்தியாயத்தைப் பற்றியும் உருப்படியான குறிப்புகள் வந்தன. இடையில் இருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து "நடுப்பகுதி சற்றுத் தொய்வாக உள்ளது" என்று ஒரே வரி. எந்த நாவலுக்கும் பொருந்தும் வரி அது.

தொடர்ச்சி ஏஜென்ட்டை அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கவைத்தேன். யாருக்கு என்ன வயது, யார் எங்கே இருக்கிறார், யாருக்கு எந்த ரகசியம் தெரியும் என்று அது ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனது. 6ஆம் அத்தியாயத்தில் வீட்டுக் கிணற்றை மண் கொட்டி மூடுகிறார்கள். 27ஆம் அத்தியாயத்தில் மூத்த மகள் விடியற்காலையில் அதே கிணற்றில் தண்ணீர் சேந்துகிறாள். மூன்று வரைவு எழுதிய என் கண்ணில் அது படவில்லை, ஒரே சாட்டும் சொல்லவில்லை. குறிப்பேடு வைத்திருந்த ஏஜென்ட் பிடித்துவிட்டது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: சான்று வரி. குறை சொல்லும் ஒவ்வொரு ஏஜென்ட்டும் அத்தியாய எண்ணைத் தர வேண்டும், பிரதியில் உள்ள வரியை எழுத்து மாறாமல் எடுத்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தேன். காரணம் இருக்கிறது. ஏஐ நான் எழுதாத வரியை எழுதியதாகச் சொல்லும், அதுவும் என் நடையிலேயே. அதை நம்பி ஒரு அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும். வரி கையில் இருந்தால் பிரதியில் தேடிப் பார்க்கலாம். கிடைக்கவில்லை என்றால் அந்தக் குறையை அப்படியே தள்ளிவிடலாம். இந்தத் தேடலுக்கு ஏஐ கூடத் தேவையில்லை. வரி கிடைத்த பிறகுதான் நான்காவது ஏஜென்ட்டுக்கு வேலை. அதனிடம் முந்தைய ஏஜென்ட்டின் வாதத்தைக் காட்ட மாட்டேன். குறையையும் பிரதியையும் மட்டும் கொடுத்து, இதை மறுக்க முடியுமா என்று கேட்பேன். 19ஆம் அத்தியாயத்தில் வரும் கடிதம் முன்பு எங்கும் சொல்லப்படவில்லை என்று ஒரு குறை வந்தது. 11ஆம் அத்தியாயத்தில் அத்தை அதை "அந்தக் கவர்" என்று சொல்வதை நான்காவதுதான் எடுத்துக் கொடுத்தது.

ஒரே சாட்டிலும் சான்று வரி கேட்கலாமே என்றால், கேட்டுப் பார்த்தேன். முதல் சில குறைகளுக்குத் தந்தது, போகப்போகச் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. இன்னொரு தொல்லை புகழ்ச்சி. பயனரை அளவுக்கு மீறி மெச்சுகிறது என்பதால் ஜிபிடி-4ஓவின் ஒரு புதுப்பிப்பை ஓபன்ஏஐ 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். "என் நாவல் எப்படி இருக்கிறது" என்று கேட்காமல், முரணைத் தேடு என்று ஒற்றை வேலை கொடுத்தால் மெச்சுவதற்கு இடம் குறைகிறது.

ஏஜென்ட் வழியிலும் சிக்கல் உண்டு. நடை ஏஜென்ட் ஒரு கிழவரின் "வந்துட்டுப் போடா" என்ற பேச்சை "வந்துவிட்டுச் செல்" என்று திருத்தியது. அந்தக் கிழவரின் குரலே போய்விட்டது. உரையாடலைத் தொடாதே என்று எழுதிவைத்த பிறகே அடங்கியது. பராமரிப்பும் உண்டு: 12ஆம் அத்தியாயத்தை மாற்றினால் குறிப்பேட்டில் அதற்கான பகுதியையும் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய தகவலை வைத்துப் புதுக் குறை முளைக்கும். நேர்க்கோட்டில் போகும் ஒரே ஒரு நாவலில்தான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். காலம் முன்பின்னாக ஓடும் கதைக்கு இந்தக் குறிப்பேடு இப்படியே போதாது என்று தோன்றுகிறது. சிறுகதைக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம், ஒரே சாட் போதும்.

ஏஜென்ட்கள் முடித்த பிறகு பிரதியை ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். "அம்மா செத்தபோது இவன் அழவே இல்லை. எப்போது அழுவான் என்று கடைசிவரை காத்திருந்தேன்" என்றார். நான்கு ஏஜென்ட்களில் எதுவும் காத்திருந்ததாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதை வைத்து இப்போது 31ஆம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.