விழிப்புணர்வு உரையா, மாணவர் மன்றமா?

தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமை மாணவர்கள் மீதான வெறுப்பைக் குறைக்க உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் நாடுவது ஒரு மணி நேர விழிப்புணர்வு உரையைத்தான். செலவு குறைவு, ஏற்பாடு எளிது. ஆண்டறிக்கையில் ஒரு வரியும் சேரும். தவறான தகவலைத் திருத்த அது உதவும். கடைசி பெஞ்சில் எழும் கிண்டல் சிரிப்பை மட்டும் அது தொடுவதில்லை.

மாணவர் மன்றம் வேறு வகை. 1988-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்ட் அகாடமியில் உருவான மாணவர் கூட்டணி இதற்கு முன்னோடி. தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் இல்லாதவர்களும் வாரந்தோறும் ஒரே மேசையில் அமர்ந்து சுவரொட்டி எழுதினால், அறிமுகம் மெல்ல நட்பாகிறது. முன்முடிவுகள் தளர உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்ன நிபந்தனைகளும் இவையே: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு. கடைசியானதில்தான் மன்றங்கள் தள்ளாடும்; பொறுப்பாசிரியர் மாறினால் கூட்டமே நின்றுபோகலாம். கிண்டல் செய்பவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான் என்ற குறையும் உண்டு. (உரை அவனை உட்கார வைக்கும், கேட்க வைக்குமா என்பது வேறு விஷயம்.)

ஒன்றுதான் முடியும் என்றால் என் வாக்கு மன்றத்துக்கே. உரையை ஆசிரியர்களுக்கு நடத்தலாம். வசைச்சொல் காதில் விழுந்தும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்கள் அவர்களில்தானே இருக்கிறார்கள்.