ரூ.7,400 போச்சு: மல்டிடூல் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

முந்தாநாள் சாயங்காலம் நடந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

தோட்டத்து வேலைக்கும், வெள்ளியங்கிரி ஏறும்போது இடுப்பில் மாட்டிக்கொள்ளவும் லெதர்மேன் வேவ் பிளஸ் (பிளேயர், கத்தி எல்லாம் ஒன்றாக மடங்கி இருக்கும் மல்டிடூல்) ஒன்று வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. புதிது விலை கட்டுப்படியாகவில்லை. வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் ரூ.7,400 என்று போட்டிருந்தார்கள். ஒரிஜினலா என்று கேட்டதும் விற்கிற பையனே போன் பண்ணினான். "அண்ணா, நானும் கோயமுத்தூர்ப் பக்கந்தாங்க. நம்ம ஊர்க்காரருக்கே டூப்ளிகேட் தருவனுங்களா? மாமா துபாய்ல இருந்து கொண்டுவந்ததுங்க." பின்னால் அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் நம்பிவிட்டேன். உடனே மொத்தப் பணத்தையும் அனுப்பினேன்.

பெட்டி, எழுத்து எல்லாம் அச்சு அசல். முந்தாநாள் வேலிக் கம்பியைப் பிடித்து முறுக்கினேன். இரண்டாவது முறுக்கிலேயே பிளேயர் மூக்கு ஒருபக்கமாகத் திரும்பிக்கொண்டது. கம்பி வெட்டும் பகுதியை ஒரிஜினலில் திருகு கழற்றி மாற்றலாம். இதில் திருகு மாதிரி வெறும் அச்சு! கத்தியை விரித்தேன். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. லேசாக அழுத்தியதும் மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. மூன்று தையல். அப்புறம் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 196 கிராம். ஒரிஜினல் 241 கிராம்.

போன் பண்ணினால் "அண்ணா" போய் "சார்" வந்துவிட்டது. "நீங்க ரஃபா யூஸ் பண்ணிட்டீங்க சார்." விரல் படத்தை அனுப்பினேன். "25 வருஷ வாரண்டி இருக்கு, கம்பெனியில கேளுங்க." போலிக்கு எந்தக் கம்பெனி வாரண்டி தரும்? ராத்திரியே பிளாக் செய்துவிட்டான். அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினால், வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று தானியங்கிப் பதில். ரூ.7,400 எங்கள் வீட்டில் ஒரு மாதத்துப் பால் பணம்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தையல் போட்ட விரலோடு முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்: ஜிஎஸ்டி பில் தராதவனிடம் வாங்காதீர்கள். பொருளைத் தராசில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். கையில் வந்ததும் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், என்னுடையதில் இரண்டு தாடைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. விரித்த கத்தி ஆடினால் தொடவே தொடாதீர்கள். காசு குறைவென்றால் நம்பகமான கடையில் சின்ன விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி போதும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். நான் அவனிடமும் அந்தத் தளத்திடமும் கெஞ்சி ஒரு நாளை வீணாக்கிவிட்டேன்.

நேற்று ராத்திரி புகார் பதிந்தாயிற்று. இன்று காலை தம்பி போனில் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அதே படம், அதே ரூ.7,400. கீழே யாரோ "இன்னும் இருக்கா ப்ரோ?" என்று கேட்டிருக்கிறார்.