18 ஆண்டு உறங்கிய உண்மை: அகதா கிறிஸ்டியின் ‘ஸ்லீப்பிங் மர்டர்’

புதிதாகத் திருமணமான க்வெண்டா ரீட் என்ற 21 வயதுப் பெண் நியூசிலாந்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கு வருகிறாள். பின்னால் வந்து சேரவிருக்கும் கணவன் ஜைல்ஸுக்கும் தனக்குமாக ஒரு வீடு பார்ப்பதுதான் அவளுக்கு இருக்கும் ஒரே வேலை. தென்கடற்கரையில் டில்மவுத் என்ற கற்பனைச் சிற்றூரில், ‘ஹில்சைடு’ என்னும் பழைய விக்டோரியா காலத்து வீட்டைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிடுகிறது; வாங்கியும் விடுகிறாள். நாவலின் தொடக்க அத்தியாயங்களில் நடப்பதெல்லாம் வீட்டைச் செப்பனிடும் வேலைதான் என்றாலும், அந்தப் பக்கங்கள் தந்த அச்சத்தைப் பிணமும் இரத்தமும் மலிந்த பல மர்ம நாவல்கள் எனக்குத் தந்ததில்லை.

வரவேற்பறையிலிருந்து புல்வெளிக்கு இறங்க ஓர் இடத்தில் படி இருந்தால் நன்றாக இருக்குமே என்று க்வெண்டா நினைக்கிறாள். அங்கிருக்கும் புதரை விலக்கினால் பழைய படிகள் புதைந்து கிடக்கின்றன. சாப்பாட்டு அறைக்குப் போகும்போதெல்லாம் வாசலே இல்லாத ஓர் இடத்தை நோக்கி அவள் கால்கள் தாமாகவே நடக்கின்றன. கதவு வைக்க முடியுமா என்று பார்க்க வந்த கட்டட வேலைக்காரர், இங்கே ஏற்கெனவே கதவு இருந்து பூசி அடைத்திருக்கிறார்கள் என்கிறார். மூன்றாவதாக வருவது குழந்தைகள் அறை. அதன் சுவருக்குச் சிவந்த பாப்பி மலர்க் கொத்துகளும் நீலக் கார்ன்ஃப்ளவர் கொத்துகளும் மாறி மாறி வரும் சுவர்க்காகிதம் ஒட்ட வேண்டும் என்று அவள் மனத்துக்குள் ஆசையோடு திட்டமிட்டிருக்கிறாள். பல அடுக்கு வண்ணம் பூசப்பட்டுத் திறக்க வராமல் இறுகிக் கிடந்த சுவர் அலமாரியை ஒருநாள் ஆள் வைத்துத் திறக்கும்போது, அதன் உட்புறத்தில் அதே பாப்பியும் அதே நீலப்பூவும் ஒட்டப்பட்டிருக்கின்றன. இந்தக் காட்சியில் ஆசிரியர் ஒரு சொல்லைக்கூட உரக்கச் சொல்வதில்லை. தான் கற்பனை செய்ததாக நினைத்தது நினைவாக இருந்தால், தன் மனத்தில் இன்னும் என்னென்ன இருக்கக்கூடும் என்ற கேள்வியை அவளிடமும் நம்மிடமும் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் லண்டனில், ஒரு நாடக அரங்கில் வருகிறது. உறவினரான எழுத்தாளர் ரேமண்ட் வெஸ்ட்டின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் க்வெண்டா, 17ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் ஜான் வெப்ஸ்டரின் ‘டச்சஸ் ஆஃப் மால்ஃபி’யைப் பார்க்கப் போகிறாள். கொலையுண்ட பெண்ணின் முகத்தை மூடச் சொல்லும் வசனம் மேடையில் ஒலித்ததும் அலறிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். அவளுக்குள் ஒரு பழைய நினைவு எழுகிறது: மாடிப்படிக் கம்பிகளுக்கு இடையே ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது. கீழே கூடத்தில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். யாரோ அதே சொற்களைச் சொல்கிறார்கள். அந்த மனிதரின் கைகள் குரங்கின் கைகளைப் போல இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தை தான் பார்த்ததைப் பார்த்தபடியே மனத்தில் வைத்துக்கொள்ளும், அதற்குப் பொருள் சொல்லத் தெரியாது என்பதை இவ்வளவு நேர்மையாகப் பயன்படுத்திய துப்பறியும் கதைகள் குறைவு. அந்தக் கைகளின் விவரம் புத்தகத்தின் முற்பகுதியிலேயே நம் கண்முன் வைக்கப்பட்டுவிடுகிறது. இறுதியில் விளக்கம் வரும்போது வாசகருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு எழ இடமே இல்லை.

ரேமண்டின் அத்தையும், கிறிஸ்டியின் பல நாவல்களில் துப்பறியும் முதிய பெண்மணியுமான மிஸ் மார்பிளும் அன்று உடனிருக்கிறார். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நடுங்கும் பெண்ணிடம் அவர் சொல்லும் விளக்கம் மிக எளிமையானது: நீ அந்த வீட்டில் சிறு வயதில் வாழ்ந்திருக்கலாம். விசாரித்தால் அது உண்மையாகவே இருக்கிறது. இந்தியாவில் இராணுவத்தில் பணியாற்றிய அவள் தந்தை மேஜர் ஹாலிடே, முதல் மனைவி இறந்தபின் ஹெலன் என்ற இளம்பெண்ணை மணந்து, குழந்தையோடு டில்மவுத்தில் குடியிருந்திருக்கிறார். வீட்டின் பெயர் அப்போது வேறாக இருந்ததால் இந்தத் தொடர்பு உடனே புலப்படவில்லை. அதன்பின் ஹெலன் யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்பதே ஊரார் பேச்சு. தந்தையோ, தன் மனைவியைத் தானே கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டதாக நம்பியபடி மனநோயாளிகளுக்கான விடுதியில் இறந்துபோனார். அவர் சொன்னதை ஒருவரும் ஏற்கவில்லை.

இந்த நாவலை மற்ற குடும்ப ரகசியக் கதைகளிலிருந்து நான் பிரித்துப் பார்ப்பது இங்கேதான். வழக்கமாக இத்தகைய கதைகளில் ரகசியம் என்பது உயில், முறைகேடான பிறப்பு, மறைத்து வைத்த நகை என்று ஏதாவது ஒரு பொருளாகவோ தகவலாகவோ இருக்கும். இங்கே ரகசியம் என்பது ஓர் இறந்த பெண்ணின் நற்பெயர். ஹெலன் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை. அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்வதுதான் வருகிறது. ஆண்களைக் கண்டால் நிற்கமாட்டாள், ஓடிப்போகக்கூடியவள்தான் என்ற ஒரே சித்திரத்தை, யாரோ ஒருமுறை சொல்ல, அதையே எல்லாரும் 18 ஆண்டுகளாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மாறாகக் கவனித்தவர்கள் வீட்டுவேலைக்காரப் பெண்கள் மட்டுமே. ஓடிப்போகிறவள் பெட்டியில் எடுத்துச்சென்ற உடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று அவர்களில் ஒருத்தி அன்றே முணுமுணுத்திருக்கிறாள். அவளைக் கேட்பார் இல்லை. கொலையாளி யார் என்பதைவிட, ஹெலன் உண்மையில் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளும் ஆவலே என்னைக் கடைசி அத்தியாயம்வரை இழுத்துச் சென்றது. அந்த ஆவலுக்கு நாவல் நியாயம் செய்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கலாம்.

தொழில்முறை அல்லாத துப்பறிவாளர் என்ற பாத்திரத்தைப் பலர் ஒரு வசதிக்காகவே கையாளுகிறார்கள். மிஸ் மார்பிள் விஷயத்தில் அது கதையின் அச்சாகவே இருக்கிறது. இவர் முதலில் சொல்லும் அறிவுரையே, தூங்கும் கொலையை எழுப்பாதீர்கள் என்பதுதான். இளம் தம்பதியர் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததும், தன் மருத்துவரிடம் சொல்லிக் கடற்காற்று தேவை என்று எழுதி வாங்கிக்கொண்டு டில்மவுத்துக்கே வந்துவிடுகிறார். அங்கே அவர் செய்வதெல்லாம் கடைகளில் நின்று பழைய குடும்பங்களைப் பற்றிப் பேச்சுக்கொடுப்பதும், ஹில்சைடு தோட்டத்தில் குனிந்து களைக்கொடியைப் பிடுங்குவதும்தான். அந்தக் களையின் வேர் மண்ணுக்கடியில் வெகுதூரம் ஓடும் என்பது தோட்ட வேலை தெரிந்த யாரும் சொல்லக்கூடிய செய்தி. கதையில் அது வரும் இடம் அதற்குத் தனிக் கனத்தைக் கொடுத்துவிடுகிறது. காவலருக்குச் சொல்ல மறுப்பதை ஒரு முதிய பெண்ணிடம் மக்கள் தயங்காமல் சொல்கிறார்கள். அவரோ கேட்ட எதையும் அப்படியே நம்புவதில்லை. பிறர் சொல்வதை நம்புவது ஆபத்தானது என்ற அவருடைய கொள்கைதான் இந்த வழக்கின் சாவி. மற்ற எல்லாரும் ஒருவர் சொன்னதை நம்பியதால்தான் இத்தனை ஆண்டுகள் வீணாயின.

குறைகளும் உண்டு. இங்கிலாந்து முழுவதிலும் அத்தனை வீடுகள் இருக்க, க்வெண்டா தான் குழந்தையாக இருந்த அதே வீட்டை வாங்குவது மிகப் பெரிய தற்செயல். கதாபாத்திரங்களே அதை ஒப்புக்கொள்வதால் தொடக்கத்தில் ஏற்கலாம் என்றாலும், மனத்தின் ஒரு மூலையில் அது உறுத்திக்கொண்டே இருக்கும். ஹெலனின் வாழ்வில் குறுக்கிட்ட மூன்று ஆண்களையும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ப் பார்க்கும் நடுப்பகுதி தொய்கிறது. வழக்கறிஞர், பழைய இராணுவ அதிகாரி, சுற்றுலாப் பேருந்து நடத்தும் செல்வந்தர் என்று ஆட்கள் மாறினாலும் உரையாடலின் அமைப்பு மாறுவதில்லை. இதைவிட என்னை வருத்தியது வேறு ஒன்று. பழையதைக் கிளறியதன் விளைவாக நிகழ்காலத்தில் இன்னோர் உயிர் போகிறது. மிஸ் மார்பிளின் முதல் எச்சரிக்கை சரியென்று நிரூபணமாகும் இடம் அது. கதை அங்கே சற்று நின்றிருக்க வேண்டும். அந்த மரணத்துக்கு உரிய துக்கத்தைத் தராமல், புதிய தடயமாக எடுத்துக்கொண்டு விசாரணை விரைந்துவிடுகிறது. மென்மையான மர்மக் கதை என்ற வகைக்கு இது பொதுவான பலவீனம்தான். ஆனால் இவ்வளவு மனித உணர்வோடு தொடங்கிய நாவலிடம் நான் கூடுதலாக எதிர்பார்த்தேன்.

‘மிஸ் மார்பிளின் கடைசி வழக்கு’ என்ற துணைத்தலைப்பைப் பார்த்து, தளர்ந்துபோன ஒரு முதியவரின் விடைபெறுதலை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கிறிஸ்டி இதை 1940களிலேயே எழுதித் தன் மறைவுக்குப் பின் வெளியிடுவதற்காக ஒதுக்கிவைத்தார்; 1976 ஜனவரி 12 அன்று அவர் காலமானார், நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. இதனால் சில முரண்பாடுகள் நேர்ந்துள்ளன. 1962இல் வந்த மிஸ் மார்பிள் நாவலில் இறந்துவிட்டவராகக் குறிப்பிடப்படும் கர்னல் பான்ட்ரி, இதில் உயிரோடு நடமாடுகிறார். தொடர் வாசகர்கள் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. கிறிஸ்டியின் பிற்கால நாவல்கள் சிலவற்றில் காணப்படும் தளர்ச்சி இதில் இல்லாததற்கும் இந்தக் கால இடைவெளியே காரணம் என்று நினைக்கிறேன். வாக்கியங்கள் குறுகியவை, உரையாடல்கள் விறுவிறுப்பானவை, ஒரு விவரம்கூட அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதில்லை.

மிஸ் மார்பிளை இதற்குமுன் படித்திராதவர்களும் இதிலிருந்து தொடங்கலாம். முந்தைய நாவல்கள் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் எளிமையானது, மர்ம நாவலை மூலத்தில் படித்துப் பழக விரும்பும் மாணவர்களுக்கும் ஏற்றது. இரண்டாவது முறை படிக்கும்போது தொடக்க அத்தியாயங்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன, ஏனெனில் விடை எத்தனை இடங்களில் நம் முன் வெளிப்படையாகக் கிடந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது. ஜோன் ஹிக்சன் நடித்து 1987இல் பிபிசி ஒளிபரப்பிய வடிவம் நூலுக்குப் பெரிதும் நெருக்கமானது. ஜெரால்டின் மெக்ஈவன் நடித்த 2006ஆம் ஆண்டு வடிவம் குடும்பத்தின் கதையையே மாற்றிவிட்டது என்பதால், அதைப் பார்த்தவர்கள் நாவல் தெரிந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். எதைப் பார்ப்பதாக இருந்தாலும் நூலைப் படித்தபின் பாருங்கள். வெப்ஸ்டரின் நாடகத்தின் கதைச்சுருக்கத்தையும் கடைசிப் பக்கத்தை முடிக்கும்வரை தேடிப் படிக்காமல் இருப்பது நல்லது.