தமிழ் விக்கிப்பீடியாவில் சான்று பார்க்கும் வேலை: மண்டபத்திலிருந்து ஒரு பயனர் அனுபவம்

விக்கிப்பீடியாவில் தொகுப்பது பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புதுக் கட்டுரை தொடங்குவதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கணக்கு திறப்பது, மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் பழகுவது, முதல் கட்டுரை போடுவது. நான் சில வருடங்களாகச் செய்வது வேறு வேலை. ஏற்கெனவே இருக்கும் கட்டுரையில் சான்று இருக்கிறதா, இருந்தால் இணைப்பு திறக்கிறதா, திறந்தால் கட்டுரை சொல்கிற விஷயம் அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது. ராமேசுவரம், பாம்பன், கீழக்கரை, தொண்டி, மன்னார் வளைகுடா என்று என் ஊரான மண்டபம் இருக்கும் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கட்டுரைகள்தான் என் கவனிப்புப் பட்டியலில் அதிகம். இதில் எது கைகொடுக்கிறது, எது கழுத்தறுக்கிறது என்பதை எழுதுகிறேன். இந்தப் பக்கம் ஆள் குறைவு, யாராவது வந்தால் நல்லது என்ற சுயநலமும் உண்டு.

செத்த இணைப்புகளில் இருந்து ஆரம்பிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003ல் தொடங்கியது, 2017ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. ஆரம்ப வருடங்களில் போட்ட இணைப்புகளில் நிறைய இன்று திறப்பதில்லை. அரசுத் தளங்கள் முகவரியை மாற்றிக்கொண்டன, பத்திரிகைகள் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய செய்திகளை அப்படியே கைகழுவிவிட்டன. இதைச் சரிசெய்ய இன்டர்நெட் ஆர்க்கைவ் பாட் என்ற தானியங்கி இருக்கிறது. இணைப்பு இறந்துவிட்டதா என்று பார்த்து, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பழைய பிரதி இருந்தால் அதைக் கொண்டுவந்து பொருத்திவிடும். 22 மொழி விக்கிப்பீடியாக்களில் 90 லட்சம் இணைப்புகளை இப்படி மீட்டதாக 2018ல் அறிவித்தார்கள். தமிழிலும் மேற்கோள் பகுதியில் ‘பரணிடப்பட்டது’, ‘வந்தவழி இயந்திரம்’ (வேபேக் மெஷின்தான்) என்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை அதன் கைவேலை. பிரதி கிடைக்காவிட்டால் ‘தொடர்பிழந்த இணைப்பு’ என்று குறி போட்டுவிட்டுப் போய்விடும்.

நல்ல கருவிதான், ஆனால் அதற்குக் கண் கிடையாது. சில தளங்கள் பழைய செய்தியை எடுத்துவிட்டு, அந்த முகவரிக்கு வருகிறவர்களை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். பக்கம் திறக்கிறது இல்லையா, அதனால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று பாட் நினைத்துக்கொள்ளும். போய்ப் பார்த்தால் சினிமாச் செய்தியும் ராசிபலனும் இருக்கும். இதை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு தலைவலியும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் பல தமிழ்த் தளங்கள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) வரவில்லை, ஆளுக்கு ஓர் எழுத்துரு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பக்கத்தின் பிரதி வேபேக் மெஷினில் பத்திரமாக இருக்கும், ஆனால் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். நான் செய்வது இதுதான்: பக்கத்தின் மூல நிரலைத் திறந்து எழுத்துருவின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். அது டாமா, டாப்பா, திஸ்கியா, பாமினியா என்று பிடிபட்டால், உரையை எடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழ் வந்துவிடும். பிடிபடாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஒரு மீனவர் போராட்டச் செய்தியை இப்படி மீட்டெடுத்தபோது இருந்த சந்தோஷம் தனி.

சான்று போடும் வசதி முன்பைவிட எவ்வளவோ பரவாயில்லை. முகவரியை ஒட்டினால் தலைப்பு, தேதி, தளத்தின் பெயர் எல்லாவற்றையும் தானாக நிரப்பிக்கொடுக்கும் பொத்தான் வந்துவிட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அருமையாக வேலை செய்கிறது. தமிழ்த் தளங்களுக்குப் பாதிக்கிணறுதான். தலைப்போடு தளத்தின் பெயரும் விளம்பர வாசகமும் சேர்ந்து வரும், தேதி வராது, எழுதியவர் இடத்தில் ‘வெப் டெஸ்க்’ என்று நிற்கும். பிடிஎஃப் அரசாணைகளுக்குப் பல சமயம் கையை விரித்துவிடும். நான் எப்போதும் ஒரு தடவை கையால் திருத்திவிட்டுத்தான் சேமிப்பேன். ‘பார்க்கப்பட்ட நாள்’ இடத்தை மட்டும் யாரும் காலியாக விடாதீர்கள். பின்னால் இணைப்பு செத்துப்போனால் எந்தத் தேதிப் பிரதியைத் தேடுவது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இதெல்லாம் சில்லறை வேலை. உயிருள்ள இணைப்பு, ஒழுங்காக நிரப்பிய மேற்கோள் வார்ப்புரு, வாக்கியத்தின் பக்கத்தில் சான்றைக் காட்டும் நீல எண், எல்லாம் இருந்தும் வாக்கியம் தப்பாக இருப்பதுதான் பெரிய பிரச்சினை. நீல எண்ணைப் பார்த்ததும் வாசகர் நம்பிவிடுகிறார். திறந்து படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா 21 தீவுகளைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர். 1989ல் வந்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர். முன்னது பின்னதற்குள் அடக்கம். இரண்டும் ஒன்றல்ல என்று தெரியாமல், பூங்காவின் பரப்பு 10,500 என்று எழுதிவிடுகிறார்கள். சான்றிலும் 10,500 என்ற எண் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது வேறொன்றின் அளவு. கடற்பசுக் காப்பகமும் இதே கதை. 2022ல் 448 சதுர கிலோமீட்டரில் பாக் விரிகுடாவில் அறிவித்தது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் பகுதியில். கடற்பசு என்றால் ராமநாதபுரம் என்று மனதில் பதிந்துபோனதால், நம் மாவட்டத்தின் கணக்கில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். ஊர்ப்பாசம் சரி, அதற்காக அடுத்த மாவட்டத்துக் கடலை இழுத்துக்கொள்ள முடியுமா?

பழைய நூல்களை வைத்து எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 1910ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கிய ராமநாதபுரம் மாவட்டம், 1985ல் மூன்றாக உடைந்தது. சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போயின. 1972ல் வெளியான மாவட்ட கெசட்டியர், அதாவது அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு, அருமையான மூலம், எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அதில் ‘மாவட்டம்’ என்று வருமிடமெல்லாம் சிவகாசியும் திருவில்லிபுத்தூரும் காரைக்குடியும் உள்ளே இருக்கின்றன. அதிலிருந்து பருத்தி விளைச்சலையோ தொழிற்சாலைக் கணக்கையோ எடுத்து இன்றைய ராமநாதபுரம் கட்டுரையில் போட்டால், முதுகுளத்தூரில் தீப்பெட்டித் தொழில் கொடிகட்டிப் பறந்தது போல ஆகிவிடும். சான்று உண்மை, பக்க எண் சரி, வாக்கியம் மட்டும் பொய். இந்த மாதிரி இடங்களில் ‘1985க்கு முந்தைய மாவட்டத்தில்’ என்று சேர்த்துவிடுகிறேன். சிலர் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று நீக்குகிறார்கள். திரும்பச் சேர்த்துவிட்டு, உரையாடல் பக்கத்தில் காரணம் எழுதுகிறேன்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது 1964 புயலில் பாம்பன் – தனுஷ்கோடி பயணிகள் ரயில் கடலில் போன செய்தியோடுதான். டிசம்பர் 22 இரவு, ரயில் எண் 653. இறந்தவர்கள் எத்தனை பேர்? 115 என்று ஓரிடத்தில் இருக்கும், 150 என்று ஓரிடத்தில், 200க்கு மேல் என்று இன்னோரிடத்தில். எல்லாவற்றுக்கும் சான்று உண்டு. 115 என்பது 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்று கூட்டி வந்த கணக்கு. பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்கள் அதில் வரமாட்டார்கள் என்பதுதான் அதிக எண்ணிக்கை சொல்கிறவர்களின் வாதம். புதிதாக வருகிற பயனர் தன் கையில் இருக்கும் செய்தியை வைத்து எண்ணை மாற்றுவார், அடுத்தவர் வந்து திருப்பி மாற்றுவார். கடைசியில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை விட்டுவிட்டு, எந்த எண்ணை யார் சொல்கிறார்கள், எதை உள்ளடக்கிச் சொல்கிறார்கள் என்று பிரித்து எழுதியபோதுதான் சண்டை ஓய்ந்தது. கட்டுரையின் மேலே சுருக்க விவரம் வரும் தகவல்பெட்டியில் மட்டும் ஓர் எண்ணைப் போட்டே ஆக வேண்டும் என்று இன்னும் சிலர் அடம்பிடிக்கிறார்கள். அதற்கு மாறாக, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாம்பன் பாலத்தைச் சீராக்கினார்கள் என்பது போன்ற தகவல்களில் சச்சரவே கிடையாது. ஒரே புயல், ஒரே கட்டுரை, பாலத்தின் கணக்கு துல்லியமாக இருக்கிறது, மனிதர்களின் கணக்குக்குத்தான் இந்தப் பாடு.

சுற்றிச் சுற்றி வரும் சான்றுகளையும் சொல்லியாக வேண்டும். யாரோ சான்றில்லாமல் ஒரு வரி எழுதுகிறார். சுற்றுலா மலருக்கு எழுதுகிறவர் அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். பிறகு அந்த மலரையே சான்றாக விக்கிப்பீடியாவில் சேர்க்கிறார்கள். ராமேசுவரம் கோயில் பிராகாரம் ‘உலகிலேயே நீளமானது’ என்பது, கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கட்டடத்துக்கு ஆளாளுக்குச் சொல்லும் நூற்றாண்டு என இந்தப் பக்கம் இப்படி நிறைய. பெருமை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கைவைத்தால் கோபம் வரும். நான் பார்ப்பது தேதிகளைத்தான். அந்த வரி கட்டுரைக்குள் எப்போது வந்தது என்று வரலாற்றுப் பக்கத்தில் தேடி, சான்றின் தேதியோடு ஒப்பிட்டால் யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். பிந்தி வந்த சான்றை எடுத்துவிட்டு ‘சான்று தேவை’ என்று போட்டுவிடுவேன்.

எழுத்தில் இல்லாத விஷயங்களுக்கு என்ன செய்வது? மண்டபத்தில் எங்களுக்கு ஒருபக்கம் தென்கடல், ஒருபக்கம் வடகடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும்போது பாக் விரிகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும், வாடைக் காலத்தில் தலைகீழ். படகுகளும் அதற்கேற்ப மாறும். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியைக் கட்டுரையில் சேர்த்தபோது, சான்று கேட்டுக் குறி விழுந்தது. கடலுக்குப் போகும் என் மாமாவிடம் சொன்னேன்.

“இதுக்கெல்லாமாடா சாட்சி கேப்பாங்க?”

“கேப்பாங்க மாமா. விதி அப்படி.”

“அப்ப கேட்டவன இங்க வரச் சொல்லு. ஆடி மாசம் தென்கடல்ல கூட்டிட்டுப் போறேன், திரும்பி வந்து அவனே எழுதுவான்.”

மாமாவை மேற்கோள் காட்ட முடியாது என்பது விதி. கேட்டவர் மேலும் தப்பில்லை, அவர் கடலே இல்லாத ஊர்க்காரர். 2011ல் வாய்மொழிச் சான்று என்று ஒரு முயற்சி நடந்தது. மலையாளம், இந்தி, ஆப்பிரிக்காவின் வடக்கு சோத்தோ ஆகிய மொழிகளில் ஊர்க்காரர்களின் பேச்சைப் பதிவுசெய்து மேற்கோளாக வைத்துப் பார்த்தார்கள். அது பரவலான நடைமுறையாக வேரூன்றவில்லை. எனக்கு உதவியது உள்ளூரிலேயே இருந்தது. 1947ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு எங்கள் மண்டபம் முகாமில்தான் இருந்தது, 1971ல்தான் கொச்சிக்குப் போனது. அவர்களுடைய பழைய ஆய்வறிக்கைகள் திறந்த களஞ்சியமாக இணையத்தில் கிடக்கின்றன. பருவத்துக்குப் பருவம் மீனவர்கள் கடல் மாற்றுவது அங்கே எழுத்தில் இருக்கிறது. மாமா சொன்னதையேதான் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார், குறி நீங்கிவிட்டது. கடற்கரை சார்ந்து தொகுக்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. மீன், சங்கு, கடற்பாசி, பவளப்பாறை எதுவானாலும் முதலில் அங்கே தேடுங்கள்.

விக்கிப்பீடியா நூலகம் என்று ஒன்றும் உண்டு. கணக்கு திறந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், 500 தொகுப்புகளும் கடைசி மாதத்தில் பத்துத் தொகுப்புகளும் வேண்டும். அப்புறம் காசு கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழ்கள் பல இலவசமாகத் திறக்கும். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் வரலாற்றுக்கு எனக்கு நன்றாகப் பயன்பட்டது. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போதும். ஒன்று மட்டும் கவனம்: திரையில் தெரியும் பக்க எண் வேறு, அச்சிட்ட பக்க எண் வேறு. அச்சிட்டதைத்தான் கொடுக்க வேண்டும்.

போனில் எழுத்துப்பிழை திருத்தலாம், சான்று வேலைக்கு அது ஒத்துவராது. இரண்டு சாளரத்தை அருகருகே வைத்துப் படிக்க முடியாமல் இந்த வேலை நகராது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்பும், அதோடு தொகுத்தல் முடிந்தது.

சக பயனர்களைப் பற்றிக் குறை சொல்ல மனமில்லை. ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்டால் யாராவது பதில் சொல்வார்கள், ஆங்கில விக்கிப்பீடியா போல விதி எண்ணைத் தூக்கி முகத்தில் எறிவது குறைவு. ஆனால் சான்றைத் திறந்து படிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். போட்டி வைத்தால் கட்டுரைகள் வந்து குவிகின்றன, சரிபார்க்கப் போட்டி வைத்தால் கூட்டம் சேராது. மொழிபெயர்ப்புக் கருவியில் ஆங்கிலக் கட்டுரையைக் கொண்டுவரும்போது மேற்கோள்களும் சேர்ந்து வந்துவிடுகின்றன, கொண்டுவந்தவர் அதில் ஒன்றையாவது திறந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இப்போது கையில் இருப்பது பாம்பன் பாலம். 1914ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6ல் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தைப் பற்றிய வாக்கியங்களை எல்லாம் இறந்தகாலத்துக்கு மாற்றுவது ஒருபக்கம். புதிய பாலத்தின் செலவு 535 கோடி, 550 கோடி, 700 கோடி என்று செய்திக்குச் செய்தி மாறுகிறது. 535 ஒப்பந்தத் தொகையாக இருக்கலாம், 700 மற்ற பணிகளையும் சேர்த்ததாக இருக்கலாம். ஊகத்தைக் கட்டுரையில் எழுத முடியாது. மூன்றையும் தேதியோடு போட்டு, விவரமான அரசு ஆவணம் யாரிடமாவது இருக்கிறதா என்று உரையாடல் பக்கத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். இருப்பவர்கள் இணைப்பை அங்கேயே போடலாம், மின்னஞ்சல் வேண்டாம்.