கார் கழுவத் தண்ணீர் வேண்டாம், துணி கழுவத்தான் வேணும்

போன கிழமை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருக்கிற சிநேகிதன் ஒருவன் போன் எடுத்தான். கார் எடுத்துவிட்டானாம். இலங்கையில் 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திரும்பத் திறந்துவிட்ட நாளில் இருந்து அவன் வாயில் வேறு கதை இல்லை. கடைசியில் லீசிங் போட்டு எடுத்தேவிட்டான். விலையை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் கேட்டது வேறு.

“மச்சான், நீ தண்ணி அடிக்காமல் கார் கழுவுறனி எல்லோ? உது சரிவருமோ? வாங்கட்டோ?”

தண்ணி அடிக்காமல் என்ற சொல்லை அவன் வாயால் கேட்க வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன். அன்று சிரிக்கிற நிலையில் நான் இல்லை. “வாங்காதை” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காரணம் அற்பமானது. கண்ணாடி துடைக்க மட்டும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த நீலத் துணியைப் பிடித்து அன்று காலை அம்மா மீன்குழம்புச் சட்டி இறக்கியிருந்தா. கேட்டால், “நல்ல மொத்தமாக் கிடக்கு, கை சுடேல்லை. உதில இன்னும் ரெண்டு வாங்கிக்கொண்டு வா” என்கிறா. மைக்ரோபைபர் என்கிற இந்த நுண்ணிழைத் துணியில் எண்ணெய் ஏறினால் அதோடு அதன் சீவியம் முடிந்தது. எத்தனை தரம் கழுவினாலும் முன்கண்ணாடியில் ஒரு பனிப்புகார் மாதிரி இழுத்துக்கொண்டே போகும். இரவில் எதிரே வாகனம் வெளிச்சம் போட்டு வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சரி, கோபம் அரைவாசி ஆறிவிட்டது. அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது கறுப்பு வாகன் ஆர் கார். ஒன்றரை வருசமாக அதற்குப் பைப் பிடித்துக் கழுவியதில்லை. இரண்டு சாமான் வைத்திருக்கிறேன். ஒன்று, தெளித்துத் துடைக்கிற ஸ்பிரே. மற்றது, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றிக் கலந்து, அதில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு அலசாமலே விடுகிற திரவம். இரண்டும் கொழும்பில் இருந்து பார்சலில் வருகிறவை. எந்தப் போத்தல் என்று கேட்காதீர்கள், நான் மூன்று பெயர் மாற்றிப் பார்த்துவிட்டேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே நடக்கிற வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். தூசியைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படை பிடிக்கிறது, துணியின் மயிர்க்கால்கள் அதைக் கவ்வித் தூக்கிக்கொள்கின்றன, பெயின்றில் தேயாமல் வந்துவிடுகிறது. வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வராத ஒரு நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை விற்கிறவர்கள் எல்லோரும் தண்ணீர் மிச்சம் என்றுதான் சொல்லி விற்கிறார்கள். என் வீட்டுக் கணக்கில் அது உண்மைதான். எங்கள் மோட்டர் பைப்பில் பத்து லீற்றர் வாளி ஒரு நிமிசத்துக்குள் நிரம்பும். அரை மணித்தியாலம் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவினால் முந்நூறு லீற்றர் முற்றத்து மண்ணுக்குப் போகிறது. ஆடி ஆவணியில் கிணற்றை எட்டிப் பார்க்கிறவனுக்கு அது என்ன கணக்கு என்று தெரியும். தாளையடியில் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் திட்டத்தை 2024இல் திறந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் கிணறுதான். ஆற்றை நம்பவும் இங்கே ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரியில்தான் ஆறு. நிலத்துக்கு அடியில், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு கிடக்கிற மழைத்தண்ணீரைத்தான் இந்தக் குடாநாடே இறைக்கிறது. கூட இறைத்தால் கிணறு சவர்த்துப் போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் நான் இதைத் தொடங்கியதும் விடாமல் பிடித்ததும் தண்ணீரை மிச்சம் பிடிக்க இல்லை. எங்கள் தண்ணீர் காரில் கிடந்து காயக்கூடாது என்றுதான்.

கறுப்புக் கார் வைத்திருக்கிற யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கவே தேவையில்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, கரைந்த சுண்ணாம்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்துவிடுகிறது. வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் அதுதான். பொனற்றில் அது இன்னும் அழகாக இருக்கும். ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் நடு வெறுமையாக, ஓரம் மட்டும் வெள்ளையாக ஒரு வளையம், மிளகு அளவில் இருந்து பட்டாணி அளவு வரை. காலை எட்டு மணிக்குக் கழுவிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் காருக்கு அம்மாள் வருத்தம் வந்த மாதிரி இருக்கும். உடனே துடைத்தால் போகும். ஒரு பக்கம் துடைக்க மற்றப் பக்கம் காய்ந்துவிடுகிறது. வெயிலில் நாள்கணக்காக விட்டால் பெயின்றுக்கு மேலே உள்ள கண்ணாடிப் படையைக் கடித்துவிடும், பிறகு பொலிஷ் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

இந்த ஒன்றரை வருசத்தில் என் காரில் ஒரு வெள்ளை வளையம் வந்ததில்லை. சேர்விஸ் ஸ்ரேசனில் அண்டர்வொஷ் என்று காரின் அடிப்பக்கம் கழுவுவித்த இரண்டு நாளைத் தவிர. அந்த இரண்டு நாளும் திரும்பி வந்து, இருட்டின பிறகு ரோச் லைற் பிடித்துக்கொண்டு துடைத்தேன். விசர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எதிர்பாராத இன்னொரு சந்தோசம், கை படுவது. பைப்பால் அடிக்கும்போது காரைப் பார்க்கிற தேவையே இல்லை. இப்படித் துடைக்கும்போது ஒரு சாண் இடமும் விடாமல் கை போகிறது. கதவு விளிம்பில் எவனோ இடித்த தழும்பு, வைப்பர் அடியில் குவிந்த வேப்பம்பூ, ஒருநாள் பின் ரயரில் அரைவாசி ஏறியிருந்த கூரை ஆணி, எல்லாம் குந்தியிருந்து துடைத்ததால் கண்ணில் பட்டவைதான். மாம்பூக் காலத்தில் மரத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாமல் வடிகிற பாணி மாதிரியான பிசின் இருக்கிறதே, அதைப் பைப் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஸ்பிரே அடித்து ஒரு நிமிசம் விட்டால் கரைந்து வருகிறது. காகத்தின் எச்சத்துக்கு மட்டும் பொறுமை வேணும். நனைத்த துணியை அதன் மேல் போட்டு ஐந்து நிமிசம் ஊறவிட்டுத் தூக்குங்கள். தேய்த்தீர்களோ, தொலைந்தது.

மாமாவுக்கு இதெல்லாம் பகிடி. அவர் ஒஸ்ரின் ஏ40 வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, நினைவிருக்கும். அவர் அதே மண்ணெண்ணெயைப் பழைய சாரத் துண்டில் தொட்டுக் காரையும் துடைப்பாராம். “நாங்களும் தண்ணி இல்லாமத்தான் கழுவினனாங்கள். அதுக்கு உன்னை மாதிரிப் பார்சல் எடுப்பிக்கேல்லை” என்கிறார். அந்தக் கார் மினுங்கியது என்னவோ உண்மை. மணத்தைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

சரி, அந்த வராத நாள். போன வருசம் வைகாசியில் வடமராட்சி கிழக்குப் பக்கம் ஒரு கலியாண வீடு. சோளகக் காற்று வீசுகிற நேரம், மணற்காட்டைத் தாண்டி வரும்போதே கார் முழுக்க நறநறவென்று மணல். அடுத்த நாள் காலை வழமை போல ஸ்பிரேயை அடித்துத் துடைக்கத் தொடங்கினேன். துணிக்கு அடியில் சீனி அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்ட உடனே நிறுத்தியிருக்கவேண்டும். பொனற் முழுதும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். கடற்கரை மணல் குவார்ட்ஸ் என்கிற கல் இனம், பெயின்றைவிட எத்தனையோ மடங்கு கடினம். எங்கள் ஒழுங்கைத் தூசி மா மாதிரி, அதைத் துடைத்துப் பழகிய கை மணலையும் அப்படியே நினைத்துவிட்டது.

பெயின்ற் கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்ற பொடியன் போன் ரோச்சைப் பொனற்றில் பிடித்தான். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கோடு கோடாக. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அண்ணை, உது துடைச்சதில்லை. அரம் போட்டு ராவினது” என்றான். கட்டிங் பொலிஷுக்கு அவன் எடுத்த காசில் நான் இன்னும் ஐந்து போத்தல் வாங்கியிருக்கலாம். ஆனால் அதற்குப் போத்தலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடித்த மணல், சேறு இருந்தால் பாவிக்காதே என்று போத்தலின் பின்பக்கத்தில் எழுதித்தான் இருக்கிறது. எழுத்து எள்ளு அளவில் இருக்கிறது என்பது வேறு விசயம்.

அதற்குப் பிறகு பழக்கத்தை மாற்றினேன். விரலால் தொட்டால் நறநறக்கிறதென்றால் ஸ்பிரே இல்லை, வாளிதான். எட்டு லீற்றருக்கு முப்பது மில்லிலீற்றர். முதலில் அந்தக் கலவையையே பூவாளியில் எடுத்து மேலே இருந்து ஊற்றி மணலை இறக்கிவிடுவேன், பிறகு நனைந்த துணி, பிறகு உலர்ந்த துணி. கூரையில் தொடங்கிக் கதவின் அடியில் முடிப்பது. துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும், ஒரு முகம் ஊத்தையானால் அடுத்ததைத் திருப்புவது, ஒருபோதும் வட்டமாகத் தேய்க்காமல் ஒரே திசையில் இழுப்பது. வெயில் ஏற முதல் ஆறரைக்கு முடித்துவிட வேணும். மாரியில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் போய்ச் செம்மண் அப்பிக்கொண்டு வந்தால் இதில் ஒன்றுக்கும் வேலை இல்லை. மழையில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுங்கள், வானம் பார்த்துக்கொள்ளும்.

இனித்தான் என் வயிற்றெரிச்சல். துணி.

ஒரு தரம் கார் துடைக்க எனக்கு ஆறு துணி வேணும். ஆறும் கழுவவேணும். எதில்? அதே கிணற்றுத் தண்ணீரில். காரில் படியக்கூடாது என்று நான் ஒன்றரை வருசமாக ஒளித்து வைத்த சுண்ணாம்பு முழுவதும் இப்போது துணிக்குள் போகிறது. சவர்க்காரம் போட்டால் நுரைப்பதற்குப் பதில் தயிர் மாதிரித் திரைகிறது. கொடியில் போட்டு மத்தியானம் எடுக்கப் போனால் ஆறு துணியும் கருவாடு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். மடித்தால் முறியுமோ என்று பயமாக இருக்கும். அப்படி விறைத்த துணியால் கறுப்பு பெயின்றைத் துடைக்க எனக்கு மனம் வருமா? சொவ்ற்னர் போடு என்றார்கள். போட்டேன். துணி பூப்போல வந்தது, ஆனால் தண்ணீரை உறிஞ்சுவதை விட்டுவிட்டது. மயிர்க்கால்களை எல்லாம் அது மூடிவிடுகிறது. நாலு துணி அப்படிப் போனது.

கடைசியில் கண்டுபிடித்தது வினாகிரி. அரை வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை விட்டு அரை மணித்தியாலம் ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரைந்து துணி இளகிவிடும். அதைத் திரும்பக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் பழைய குருடி கதவைத் திறடி. ஆகவே கூரைப் பீலியின் கீழே பரல் ஒன்று வைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த மழைத்தண்ணீரில் கடைசி அலசல் அலசிப் பாருங்கள், பெட்டி உடைத்த அன்றைய துணி திரும்பி வரும். அந்த ஒரு பரல் மாசி வரை எனக்கு வந்தது. மாசிக்குப் பிறகு? காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீர்தான். அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து அந்தக் கானில் இருந்து மூன்று லீற்றர் எடுத்துக் கார்த்துணி அலசுகிறேன். சொந்த வீட்டில் கள்ளன்.

நியாயமாகச் சொன்னால் ஆறு துணிக்கு எல்லாமாக மூன்று வாளித் தண்ணீர் போகும். முந்நூறு லீற்றர் எங்கே, முப்பது லீற்றர் எங்கே. கணக்கு இன்னும் என் பக்கம்தான். காசுக் கணக்கும் பரவாயில்லை, அரை லீற்றர்ப் போத்தல் வாளி முறையில் பதினாறு தரம் வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை முக்கால் மணித்தியாலத்தில் கார் முடிந்துவிட, பிறகு ஒன்றரை மணித்தியாலம் கிணற்றடியில் குந்தியிருந்து துணி கசக்குகிறவனிடம் கணக்குக் கதைக்காதீர்கள்.

அதனால் சிநேகிதனுக்கு என் பதில் அதேதான்: வாங்காதை. நான் நாலாவது போத்தலுக்குக் காசு கட்டிவிட்டேன், அது என் தலைவிதி. கூட எட்டுத் துணி, அதில் இரண்டு அம்மாவுக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடம் இருந்து வட்சப்பில் படம் வந்தது. நான் சொன்னதைக் கேட்காமல் ஸ்பிரே, வாளித் திரவம், பன்னிரண்டு துணி எல்லாம் எடுப்பித்து, பொனற்றின் மேல் பரப்பி வைத்துப் படம் எடுத்திருக்கிறான். இப்போதுதான் அவனுடைய காரை முதல்முதல் பார்க்கிறேன்.

வெள்ளைக் கார். கிணற்றுத் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிவிட்டுப் போகலாம், ஒரு குருவிக்கும் தெரியாது.