மருத்துவரின் சொந்தச் சொல்லா, பொது வரையறையா?

தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல் என்று ஒரு அறிக்கை வருகிறது. எத்தனை டிகிரி? தொட்டுப் பார்த்தார்களா, வெப்பமானி வைத்தார்களா? மருத்துவர் தன் போக்கில் எழுதினால் இது தெரிய வழியில்லை. அப்படிச் சேர்ந்த இரண்டு நாட்டு எண்களை ஒப்பிடுவதும் வீண்.

தடுப்பூசிப் பாதுகாப்பை ஆராயும் பன்னாட்டு வல்லுநர் குழுவான, 2000-இல் தொடங்கிய பிரைட்டன் கூட்டமைப்பின் வரையறைகள் இதற்காக வந்தவை. காய்ச்சல் என்றால் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், அதுவும் அளந்திருக்க வேண்டும். அனாபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) போன்றவற்றுக்கு, பாதிப்பு அதுதான் என்பது எவ்வளவு உறுதி என்று காட்ட மூன்று படிகள். முதல் படியில் சான்று மிக வலுவானது. தகவல் போதாதவை தனியே நிற்கும். (எந்தப் படியானாலும் தடுப்பூசிதான் காரணம் என்று பொருளில்லை. அது வேறு விசாரணை. பலர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள்.)

ஆனால் வரையறை சோதனை முடிவுகளைக் கேட்கும். ஆய்வக வசதி இல்லாத இடத்தில் உண்மையான பாதிப்பும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். எதிர்பாராததைப் பிடிக்கவும் அது உதவாது. 1999-இல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற ரோட்டா வைரஸ் தடுப்பூசி புழக்கத்தில் இருந்தபோது, குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது) பற்றி எச்சரித்தவை தாமாக வந்த அறிக்கைகளே. அந்த ஆண்டே அந்தத் தடுப்பூசி திரும்பப் பெறப்பட்டது.

என் தேர்வு: அறிக்கையைத் தடையின்றி வாங்கலாம், எண்ணும்போது மட்டும் வரையறையைப் பொருத்தலாம்.